நாலு செக்கன்

"வலது காதுக்குள்ள ஒரே இரைச்சல் அக்கா,
அண்ணா இடது பக்கத்தில மட்டும்தான் கதைக்கிறார்."
தூனிலிருந்து மாப்பிள்ளையின் தங்கை.
பத்து நிமிட வேலை, என்றேன்.
விடியப்புறம் மூன்று மணிக்கு பேக்கரியில் மா குழைக்க வேண்டியவள்
இரவு பத்தரைக்குச் சொல்லக்கூடாத வாக்கியம்.

தப்பு என்னுடையதுதான்.
மாப்பிள்ளையின் கோட்டில் குத்திய குட்டி மைக் இடதில்,
மேசையில் பூச்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது வலதில்,
அப்படியே பதிந்துவிட்டேன்.
பியல் நகரப் பதிவு அலுவலகம், நவம்பர்,
ஜன்னல் முழுக்க ஏரியின் புகார்.
தெருப் பெயரைக்கூட இரண்டு மொழியில் எழுதும் ஊர்.
அதிகாரி விதுரனிடம் ஜெர்மனில் கேட்டார்,
மைதிலியிடம் பிரெஞ்சில்.
இரண்டு பேரும் சண்டை பிடிப்பது தமிழில்.

என் மென்பொருள் இலவசம்.
திறக்கும்போதெல்லாம் காசு கேட்கும்,
இல்லையென்றால் முகம் சுளிக்காமல் வழிவிடும்.
அதில் ஒரு கட்டளை: இடதால் இரண்டையும் நிரப்பு.
நிரப்பினேன்.
விதுரன் இரண்டு காதிலும் வந்து சம்மணம் கட்டி உட்கார்ந்தான்.
'யா' என்றான், அறை நிறைய.
மைதிலியின் உதடு அசைந்தது.
கொசு தும்மியதுபோல ஏதோ, அவ்வளவுதான்.
ஒரு சொடுக்கில் ஒருத்தியின் சம்மதம் போய்விட்டது.
கல்யாணம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

நல்லவேளை, செய்ததை மீட்க இங்கே ஒரு பொத்தான் உண்டு.

இரண்டையும் கூட்டிப் பார்த்தேன்.
கோட்டுக்கும் மேசைக்கும் நடுவே மூன்று மீட்டர்,
சத்தத்துக்கு அது ஒன்பது மில்லிசெக்கன் நடை.
ஒரே 'யா' இரண்டு தரம் வந்து
தன் காலைத் தானே மிதித்தது.
விதுரன் தகரப் பீப்பாவுக்குள் இருந்து சம்மதித்தான்.
ஒன்பது மட்டும் நகர்த்தினால் போதும்.
இந்த மென்பொருளுக்குத் தெரிந்த மிகச் சிறிய அடியோ நாற்பது.

ஆகவே கத்தரி.
தடங்களைப் பிரித்து மேலொன்று கீழொன்றாய்ப் போட்டு,
அவன் கதைக்கையில் மேசையை வெட்டி
அவள் கதைக்கையில் கோட்டை வெட்டி
மிஞ்சியதையெல்லாம் நடுவுக்குத் தள்ளி.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி,
எனக்குப் பிடரியிலும்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அந்த இடம் வந்தது.

அதிகாரியின் கேள்விக்கும் அவளுடைய 'வுய்'க்கும் நடுவில்
நாலு செக்கன்.
அலைக்கோடு காற்றில்லாத ஏரி.
யாரும் பேசவில்லை. சரி,
பேசாமல் இருந்ததை எந்தத் தடத்தில் வைப்பது?

இடதைக் கேட்டேன்.
துணி உரசல். எச்சில் விழுங்குவது, இரண்டு தரம்.
ஒலியைக் கூட்டினால் அடியில் ஏதோ இடிக்கிறது,
ஹீட்டர் என்றுதான் நினைத்தேன்.
ஹீட்டர் மற்றத் தடத்தில் இருந்தது.

வலதில், ஹீட்டருக்குப் பிறகு,
பேனா மூடி ஒன்று. பின்வரிசையில் அடக்கிய இருமல்.
அவள் மூச்சை இழுக்கிறாள்.
விடவில்லை.
விடவில்லை.
விடும்போதுதான் அது 'வுய்' என்று வருகிறது.

அந்த இடத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்தானே என்று
தங்கை கேட்டிருந்தாள்,
"பாக்கிற சனம் ஏன் யோசிச்சவள் எண்டு கேக்கும்."
ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன்.
அதற்கும் இரண்டு தடம் வேண்டியிருக்கிறது.

அங்கே மட்டும் எதையும் வெட்டவில்லை.
இடது இடதில், வலது வலதில்.
மற்ற நாற்பத்தேழு நிமிடமும் மோனோ,
வாழ்த்து, கேக், மாமாவின் மைக் சோதனை
எல்லாம் நட்ட நடுவில் நின்று ஒரே குரலாய்.
அவர்கள் வாய் திறக்காத இடம் ஒன்றுதான் ஸ்டீரியோ.

ஹெட்போன் போட்டால்தான் தெரியும்.
கல்யாண வீடியோவை ஹெட்போன் போட்டு யார் பார்க்கிறார்கள்.

கோப்பு அறுபத்திரண்டு சதவீதத்தில் நிற்கிறது.
மடிக்கணினியின் விசிறி இரைகிறது, எந்தப் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.
மணி இரண்டு இருபது.
சப்பாத்தைத் தேடுகிறேன்.