மூன்று கால் பூநாரை

பதிவேட்டில் நாற்பது துடுப்பு.
கிடங்கின் குழல்விளக்கடியில்
தெமியானா மறுபடி எண்ணுகிறாள்,
கையுறைக்குள் விரல் வியர்க்க.

சாடியின் வெளிறிய வயிற்றில்
காவிச் சிவப்பில் ஒரு படகு.
வரைந்தது ஆணோ பெண்ணோ,
தாராளமாய்த் தொடங்கிய கை
சுற்றி வருவதற்குள் இடம் போதாமல்
கடைசி ஏழு துடுப்புகளை
நெருக்கித் திணித்திருக்கிறது.
ஒன்று போய்
பூநாரையின் காலோடு ஒட்டிக்கொண்டது.

அதைத்தான் யாரோ
காலென்று எழுதிவைத்தார்கள்.
தொண்ணூறு வருடமாய்
அருங்காட்சியகக் கணக்கில்
அது மூன்று காலில் நிற்கிறது.

அடித்துவிட்டு
நாற்பத்தொன்று என்கிறாள்.
'கால்: இரண்டு.'
எழுதியபின் கொஞ்சம் சிரிப்பு வருகிறது,
கொஞ்சம் வருத்தமும்.

வெளியே சோஹாக் படித்துறையில்
கடைசிப் படகு
டீசல் புகை கக்கிக் கிளம்புகிறது.
துடுப்பே கிடையாது.
கையுறையைக் கழற்ற மறந்து
ஓடுகிறாள்.