பம்புக்காரன்

வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள்
பந்தலில் களி தீர்ந்துவிட்டது.
ஓபுலேசுவின் வண்டியில் அரை லிட்டர் பெட்ரோல் இருந்தது.
மூன்று பேர் ஏறினோம்.
அவன், நான்,
நடுவில் குவாரிப் பம்பு ஓட்டும் தேவசகாயம்.

குப்பம் ரோட்டை விட்டுத் திரும்பினால்
சயனைடு மண் மேடு.
ஆடுகூட அங்கே வாய் வைக்காது.
அதற்குப் பின்னால்
மூடிப்போன தங்கச் சுரங்கம்.

யூனியன் நட்ட கல்லுக்கு
மே மாதம் சிவப்பு அடித்திருக்கிறார்கள்.
எழுத்துக் குழிகளிலும் சாயம் புகுந்துவிட்டது.
எனக்குத் தெலுங்கு படிக்க வராது.
ஓபுலேசு விரலால் தடவித் தடவிப் படித்தான்,
துப்பாக்கிச் சூட்டில் போன நாலு பேரை.
மூன்றாவது பெயர் பளனி.
"பழனி" என்றேன்.
"மா எழுத்துல அது லேது" என்றான்.

கல் அதோடு முடிந்தது.

இருபதடி தள்ளி, கூரையில்லாத பம்பு வீடு.
அதே வேலைநிறுத்தத்தில், சுடுவதற்கு இரண்டு நாள் முன்பு,
இரட்டைக் கூலிக்கு
கையெழுத்துப் போடாமல் ராத்திரியில் கீழே இறங்கியவர்கள் உண்டு.
பம்புக்காரர்கள் விசையை அணைத்துவிட்டு
கூட்டத்தோடு வந்து நின்றார்கள்.
ஏழு பேர் என்பார்கள். பதினொன்று என்பார்கள்.
கருங்காலிக்குக் கணக்கு எதற்கு என்றும் சொல்வார்கள்.

கருங்காலி நல்ல மரம்.
என் சம்மட்டிக்கு அதுதான் பிடி.

சுரங்க வாயைக் காங்கிரீட் போட்டு அடைத்திருந்தார்கள்,
ஒரு கை நுழையும் ஓட்டை மட்டும் விட்டு.
தேவசகாயம் மண்டியிட்டான்.
ஒரு சல்லியைப் போட்டுவிட்டுக் காதை வைத்தான்.
எண்ண ஆரம்பிக்கும் முன்பே எழுந்தான்.
"தண்ணி கிட்டத்துலதான் இருக்கு."

நேற்றுக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்
பம்பையும் நிறுத்தச் சொன்னது.
யார் என்று நான் சொல்லமாட்டேன்.
ஒடிசாவிலிருந்து லாரியில் வந்த பையன்கள்
எண்பதடிக் குழியின் அடியிலேயே படுக்கிறார்கள்,
மேலே வந்தால் நாங்கள் அடிப்போம் என்று.
ஐப்பசி. ஊற்று பொங்குகிற மாதம்.

திரும்பும்போது பெட்ரோல் தீர்ந்து
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.
குவாரி கேட்டில் தேவசகாயம் கழன்றுகொண்டான்.
எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

ராத்திரி முழுக்க மோட்டார் சத்தம்.
தார்ப்பாயின் மேல் மழை.
இரண்டு மணிக்குச் சத்தம் நின்றது.

பந்தலில் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்தோம்.
யாரோ தீக்குச்சி உரசி, ஊதி அணைத்தார்கள்.

டீசல் ஊற்றியிருக்கிறான்.
இரண்டு தரம் இருமிவிட்டு
மறுபடி ஓடத் தொடங்கியது.

பின்வரிசைக் குரலுக்குச் சொந்தக்காரன்
போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.