பச்சைக் கதவுத் தராசு

சுக்டிடிச் சந்தையில் செப்டம்பர்.
ஹேசல் கொட்டை சாக்குச் சாக்காய் இறங்குகிறது.
நான் தராசு பரிசோதிப்பவன்.
வெல்வெட் குழிகளில் பன்னிரண்டு பித்தளைக் கற்கள்,
தனியாக இருபது கிலோ இரும்பு ஒன்று,
அது இருபத்தாறு வருடமாய் என் இடுப்பில் இருக்கிறது.

பித்தளையை வெறுங்கையால் தொடக்கூடாது.
விரலின் எண்ணெய் பட்டால் எடை கூடும்.
கையுறை மாட்டித்தான் தூக்குவேன்,
அடுத்தவர் குழந்தையைத் தூக்குவதுபோல.

ஜும்பெர் ஷோனியாவும் அதே வருடம் சேர்ந்தவன்தான்,
அதே மாதிரிப் பெட்டி.
அவன் அதைத் திறப்பதே இல்லை.
வியாபாரி கவரை நீட்டுவான், இவன் முத்திரை குத்துவான்.
தட்டுக்கடியில் காந்தம் தின்னும்
நூற்றுக்கு நாலு கிலோ
யாரோ ஒருத்தியின் குளிர்கால விறகு.

இதைச் சொன்னால் பள்ளிக்கூட வாத்தியார்களுக்குக் கோபம் வரும்:
ஜும்பெர் நன்றாகத் தூங்குகிறான்.
ஒட்டுச்சுவர் வீடு, எனக்குத் தெரியாதா?
அவன் குறட்டைக்கு எங்கள் அலமாரிக் கோப்பைகள் நடுங்கும்.
விருந்துகளில் கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்பவன் அவன்.
செத்தவர்களை நினைத்து அவன் கண் கலங்குவது
நடிப்பில்லை.
மகள்களுக்கு அவனைப் பிடிக்கும்.
என் நாய்க்கும்.

எனக்கு வயிற்றுப்புண்.
பாலாடைக்கட்டியை அறுத்தபடி நோனா ஒருநாள் கேட்டாள்:
"நேர்மையாய் இருக்கிற மனுசனுக்கு ஏன்
வரி கட்டப் போகிறவன் முகம்?"
பதில் தேடினேன்.
உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

மகிழ்ச்சிக்கென்று ஒரு தராசு இருந்து
இந்தத் தட்டில் நான், அந்தத் தட்டில் அவன் என்றால்
முள் எந்தப் பக்கம் சாயும்?
எனக்குத் தெரியும்.
அதற்கும் ஒழுங்காக முத்திரை குத்த வேண்டியவன்
நானாகத்தான் இருப்பேன்.

போன வியாழன், மழை விட்ட நேரம்,
ஜும்பெர் வேலியோரம் வந்து நின்றான்.
சிகரெட்டைப் பற்றவைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தான்.
மாமியார் எத்தேரி மேட்டுத் தோட்டத்திலிருந்து
ஒன்பது சாக்கு இறக்கியிருக்கிறாளாம்.
இந்த வருடம் பூச்சி. வேறு வரும்படி கிடையாது.
வேலியின் துருப்பிடித்த ஆணியிடம் கேட்டான்:
"சந்தையில் எந்தத் தராசு சரி?"

அவனுக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.

"கடைசி வரிசை. பச்சைக் கதவு. உஷாங்கி கடை.
திங்களன்று பார்த்தேன்."

போய்விட்டான். நன்றி இல்லை.
ஒரு வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது,
புளித்த ஏப்பம் மாதிரி. விழுங்கினேன்.

அன்றிரவு நிம்மதியாய்த் தூங்கினேன்
என்று எழுத ஆசைதான்.
வயிறு எரிந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
இரண்டு மணிவரை சத்தமே இல்லை.
பிறகு குறட்டை, வழக்கம்போல.

விடிந்ததும் இரும்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
படியில் ஏதோ மெட்டை நான்
முனகிக்கொண்டே போனதாக நோனா சொல்கிறாள்.
எனக்கு நினைவில்லை.
இடுப்பு வலிக்கு முனகியிருப்பேன் என்றேன்.
இல்லை, மெட்டுத்தான் என்கிறாள்.

சரிபார்க்க
என்னிடம் அதற்குரிய கல் இல்லை.