அலை இல்லாத பெயர்

புந்தா அரெனாசில் காற்றுக் காலம் வந்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
மனிதர்கள் பிடித்து நடக்க.
அப்படியொரு அக்டோபர் பிற்பகலில்
எடுவினா பேஞா தன் மெத்தைக் கடைக்கு
இணையத்தில் ஒரு பெயர் வாங்க உட்கார்ந்தாள்.
தங்கை மகன் எலோய் தட்டெழுதினான்.

பலகையில் இருப்பது 'பேஞா மெத்தைகள்'.
பேஞா என்றால் பாறை.
சிரிக்கிறவர்கள் எல்லாம்
நாற்பது வருடம் முன்பே சிரித்து முடித்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் போய்விட்டது என்றது திரை.
வடக்கே, பாலைவனத்து அரிக்காவில்
வேறொரு பேஞா வாங்கிப் போட்டிருக்கிறான்,
காலி மனை மாதிரி.
திறந்தால் வெள்ளைப் பக்கம்.
ஒரு தலையணைகூட இல்லை.

'நல்லுறக்கம்' ஒரு மருத்துவமனையிடம்.
'தெற்கு மெத்தை' யாரிடமோ.
எடுவினா என்றே வைத்தால்?
'என் பெயரைப் படுக்கையோடு சேர்த்து
எவனும் தேட வேண்டாம்.'
நடுவில் ஒரு கோடு?
'போனில் ஒவ்வொருவனிடமும்
கோடு, கோடு என்று கத்தவா?'

எலோய் மெல்லச் சொன்னான்:
எழுத்தின் தலைமேல் கிடக்கிறதே குட்டி அலை,
அதை எடுத்துவிடலாம் பெரியம்மா.
எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நமக்கு இந்தச் சங்கடம் இல்லை.
நம்மிடம் ஞ இருக்கிறது.
ஞாயிற்றுக்கும் ஞாபகத்துக்கும்
வெளியே தலைகாட்டிவிட்டு
உள்ளே போய்விடும் கூச்சக்கார எழுத்து.
அவளுக்கோ, அலை போனால்
பேஞா, பேனா ஆகிவிடும்.
அவர்கள் மொழியில் பேனா
எழுதுகிற சாமான் அல்ல.
துயரம்.

'துயர மெத்தைகள்.'
உரக்கச் சொல்லிப் பார்த்தாள்.
ஸ்பிரிங் சோதித்துக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர்
எழுந்து நின்றுவிட்டார்.

ஒரு வருடத்துக்கா, பத்து வருடத்துக்கா?
கட்டணம் கேட்டது பக்கம்.
'துயரத்துக்கு ஒரு வருடம் போதும்' என்றாள்,
அட்டையை நீட்டி.

மூன்றாம் வாரம் நீரிணைக்கு அக்கரையிலிருந்து,
போர்வெனீரிலிருந்து ஒரு கடிதம்.
(அந்த ஊர்ப்பெயருக்கு வருங்காலம் என்று பொருள்.
நான் எதையும் சேர்க்கவில்லை.)
'அம்மணி, முகவரியைச் சரியாகத்தான்
வாசித்தேனா தெரியவில்லை.
என்னிடம் ஓர் இரட்டை மெத்தை இருக்கிறது.
இடப்பக்கத்துப் பள்ளம் என் மனைவியுடையது.
எடுத்துக்கொண்டு ஒற்றை தருவீர்களா?
எவ்வளவு கழிப்பீர்கள்?
அந்தே கர்லோவிச்.'

பழையது வாங்குவதில்லை என்று அடித்தான் எலோய்.
அழி என்றாள்.
வாங்குகிறோம் என்று எழுது. விலை பிறகு.

குளிர்காலத்துக்குள் பதினோரு கடிதம்.
விவாகரத்தான பல் மருத்துவர்.
மகளின் கட்டிலை அப்படியே வைத்திருந்த ஒருத்தி.
நாய் படுத்த மெத்தையோடு ஒரு கிழவர்,
நாயின் பெயரை மூன்று முறை எழுதியிருந்தார்.
பின்னறையில் இரட்டை மெத்தைகள்
கூரைவரை ஏறிவிட்டன.
என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியாது.
எலோய் கணக்குப் போட்டான்.
நஷ்டம். மறுபடி போட்டான்.
கொஞ்சம் பெரிய நஷ்டம்.

மறுபடி அக்டோபர்.
புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்த அதே வாரம்
அரிக்காக்காரன் தன் மனையைக் கைவிட்டான்.
'பெரியம்மா, அலை கிடைத்துவிட்டது!
அதை வாங்கவா? இதை விட்டுவிடவா?
இரண்டுமா? எத்தனை வருடம்?'

அவள் வாசலில் கதவோடு போராடிக்கொண்டிருந்தாள்.
கப்பலில் வந்த மெத்தையொன்றை
இரண்டு பேர் காற்றுக்கு எதிராகத் தூக்கி வந்தார்கள்.
அது பாய்மரம் போல அவர்களையே
கடலுக்குத் திரும்ப இழுத்தது.
அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள்.
காற்று தின்றது போக
எலோய்க்குக் கேட்டது ஒரே சொல்:
பத்து.

எதற்குப் பத்து என்று கேட்க
அவன் வெளியே ஓடி வந்தான்.
மெத்தையின் ஒரு முனையை
அவன் கையில் கொடுத்துவிட்டார்கள்.