கிராம் கணக்கு

ஏழு வயசு ஆகாத ரப்பர் மரத்தில்
நான் கத்தி வைக்கமாட்டேன்.
பால் வரும், பிறகு பட்டை செத்துப்போகும்.
ஏழு மாதம் முடியாத விஜிலாவின் வயிற்றில்
கத்தி வைக்கலாம் என்று
கையெழுத்துப் போட்டது நான்தான்,
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்,
விடியக்காலம் மூன்றேகாலுக்கு.
பால்வெட்டப் புறப்பட்டவன்
நெற்றி விளக்கைக் கழற்றாமலே வந்திருக்கிறேன்.
வாசல் காவலாள் சொல்லித்தான் அணைத்தேன்.

ஆயிரத்து நூற்றுப் பத்து.
தொள்ளாயிரத்து நாற்பது.
பெயருக்கு முன்னால் எடை வந்தது.
காலில் சுற்றிய நாடாவில்
விஜிலா குழந்தை ஒன்று,
விஜிலா குழந்தை இரண்டு.
நாடாவை இன்னும் சின்னதாக வெட்டியிருக்கலாம்.

குலசேகரம் கடையில் ஒட்டுப்பால் நிறுக்கும்போது
முதலாளி கிராமை விட்டுவிட்டு
கிலோவை மட்டும் எழுதுவார்.
"எரநூறு கிராமுக்கு என்ன வே கணக்கு?"
பதினாலு வருஷம் தலையாட்டியிருக்கிறேன்.
மூன்றாம் நாள்
தொள்ளாயிரத்து நாற்பது
எண்ணூற்று எழுபது ஆனபோது
அந்த எழுபது கிராம் எங்கே என்று
கண்ணாடிக் கதவைத் தட்டினேன்.
"மொதல்ல கொறயும், பின்ன ஏறும்.
எல்லா பிள்ளைகளுக்கும் அப்படித்தான் அண்ணா"
என்றார் றோஸ்லெட் சிஸ்டர்.
எல்லாப் பிள்ளைகளையும் எனக்குத் தெரியாது.
இந்த இரண்டைத்தான் தெரியும்,
அதுவும் சரியாக இல்லை.

முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டும்
ஷீட் அடிக்கும் ஆசிட் வாடை போகவில்லை.
நாலாவது தடவை கழுவி
பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரல் நீட்டினேன்.
அவள் பிடித்தாள்.
விரலை இல்லை, நகத்தை.

இரண்டு மணிக்கூறுக்கு ஒருக்கா
இரண்டு மில்லி தாய்ப்பால்,
மூக்கில் போன குழாய் வழியாக.
சிரட்டையை நினைக்காதே என்று
எனக்கு நானே சொன்னேன்.
நினைத்தேன்.
மழைத்தண்ணி கலந்தால்
அன்றைய பால் மொத்தமும் போச்சு.
அதனால் வெளியே சாரல் விழும்போதெல்லாம்
வார்டின் கூரையைப் பார்த்தேன்.

பெண் எப்படியோ இழுத்துக்கொண்டாள்.
பையன் மூச்சுவிட மறந்துபோவான்.
மறதிதான், வேறொன்றும் இல்லை என்றார்கள்.
மணி அடிக்கும். சிஸ்டர் ஓடமாட்டார்.
நடந்து வந்து
அவன் உள்ளங்காலில் ஒரு சுண்டு,
புளியங்கொட்டையைச் சுண்டுவதுபோல.
ஏதோ ஞாபகம் வந்தவனாக அவன் இழுப்பான்.
எனக்கு அதற்கும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

ஒரு சனிக்கிழமை அவள் பால்வாளியைத் தூக்கினாள்.
பார்த்தேன்.
வேண்டாம் என்று வாய் திறக்குமுன்
போன் வந்தது, எடுத்துப் பேசினேன்.
வாளியை டாக்டரிடம் விஜிலாவே சொன்னாள்.
"அதனாலெல்லாம் இல்லம்மா,
ரெட்டைன்னா சிலசமயம் இப்படித்தான்."
அந்தப் பதிலை அவள் வாங்கிக்கொண்டாள்.
அந்தப் போனை
நான் யாரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தாறாம் நாள் சட்டையைக் கழற்றச் சொல்லி
மாரில் ஆளுக்கொரு பக்கம் கிடத்தினார்கள்.
தும்மல் வந்தது.
தும்மவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் வாடகைக் காரில் வீட்டுக்கு.
தக்கலை வரை வேகத்தடை முப்பத்தொன்று.
டிரைவர் ஒவ்வொன்றிலும்
கோயில் நடை ஏறுவதுபோல் ஏறினார்.
கூலி குறைத்து வாங்கினார்,
ஏன் என்று கேட்கவில்லை.

வருகிற ஆவணியில் ஏழு வயசு.
அஜிஷா மதில் ஏறுகிறாள்.
ஜெபினுக்குத் தடித்த கண்ணாடி,
பந்து பக்கத்தில் வந்தபிறகுதான் தெரியும்.
இரண்டு மணிக்கு எழும்பி
விளக்கைக் கட்டுமுன்
போர்வைக்கு வெளியே கிடக்கும் அவன் காலில்
லேசாக ஒரு சுண்டு.

இன்றைக்கு விழித்துவிட்டான்.
கண்ணாடி இல்லாமல் என் முகம் தெரியாது,
ஆனாலும் ஆள் தெரியும்.
"அப்பா, நான் மூச்சு விடுதேன்.
நீங்க போங்க."

வெளியே மழை இல்லை.
மரத்துக்குப் போகலாம்.