இருக்கு உனக்கு

ஜெலுத்தோங் மளிகைக்கடையில்
அரிசி மூட்டைகளுக்கும் முட்டைத் தட்டுகளுக்கும் நடுவே
என் மகள் படுத்திருக்கிறாள்.
நான்கு வயது. பெயர் திஷாலினி.
இப்போதைக்கு எந்தப் பெயருக்கும்
திரும்புவதாய் இல்லை.

கேட்டது ஒரு சோப்புத் தண்ணீர்க் குப்பி,
ஊதினால் குமிழி வரும். மூன்று வெள்ளி இருபது காசு.
போன வாரம் வாங்கியது பேருந்திலேயே கவிழ்ந்து
என் கால்சட்டையை நுரையாக்கியது.
அதனால் இல்லை என்றேன்.
ஒரு முறைதான் சொன்னேன்.

உதைத்த உதையில் ஒரு செருப்பு பறந்து
நெத்திலிப் பெட்டிக்குள் விழுந்தது.
எடுத்துக் கொடுத்த மலாய்க்கார அம்மா
"கெசியான்" என்றார்.
யாரைச் சொன்னார் என்று விளங்கவில்லை.

வரிசையில் நின்ற ஒருவர், நம்மாள்,
"ஒன்னு குடுங்க தம்பி, அடங்கிரும்" என்றார்
இருமலுக்கு மருந்து சொல்லும் குரலில்.
அவருக்குப் பின்னால் ஒரு பெண்
கைப்பேசியை உயர்த்தினாள்.
நேரம் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவோடு வந்த பிள்ளை அழுதால்
பிள்ளையைப் பார்க்கிறார்கள்.
அப்பாவோடு வந்த பிள்ளை அழுதால்
அப்பாவைப் பார்க்கிறார்கள்.

தவுக்கே ஒன்றும் பேசவில்லை.
கல்லாவுக்கு மேலே கட்டாய்த் தொங்கும்
ரோத்தான்களில் ஒன்றை உருவி
மேசைமேல் வைத்தார்.
சிவப்புக் கொக்கிப் பிடி. ஒன்றரை வெள்ளி.
வெங்காயம் நிறுக்கும் அதே முகம்.

என் கை தானாக எழுந்திருந்தது,
எவ்வளவு நேரமாகவோ.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தலையைச் சொறிந்துகொண்டேன்.

பிறகு குனிந்து, பல்லைக் கடித்து,
நம் வீடுகளிலெல்லாம் புழங்கும்
அந்த வாக்கியத்தை அவள் காதில் விட்டேன்:
"வீட்டுக்கு வா. இருக்கு உனக்கு."

அழுகை நின்றது.
குழாயை மூடினாற்போல் அல்ல;
யாரோ கதவைத் தட்டியதும்
உள்ளே பேச்சு நிற்குமே, அப்படி.
மூக்கைத் துடைத்தாள். எழுந்தாள்.
"என்னா இருக்கு?"

பேருந்து நிறுத்தத்தில், "பெருசா, சின்னதா?"
பேருந்தில், "சாப்புடறதா?"
சிவப்பு விளக்கில் நின்றபோது,
"அம்மாவுக்கும் இருக்கா?"
"இல்ல. உனக்கு மட்டும்தான்."
பொய் சொல்லவில்லை.
அவள் ஜன்னலில் மூக்கை அழுத்திச் சிரித்தாள்.

எங்கள் வீடு ஆறாவது மாடி.
என் கோபம் மூன்றாவதிலேயே
இறங்கிப் போயிருக்க வேண்டும்.
லிஃப்ட் எண்கள் மாற மாற
வீட்டில் இருப்பதை எண்ணிப் பார்த்தேன்:
நேற்றைய பருப்பு, பாதி ரொட்டி,
துவைக்காத துணி.

பையை அவளே கொட்டினாள்.
வெங்காயத்துக்கு அடியில் இருந்தது அது.
ரசீதிலும் இருந்தது, ஒன்றரை வெள்ளி.
வேண்டாம் என்று நான் சொன்னதாய்
ஞாபகம் இல்லை.

"சிவப்பு!" என்று கூவினாள்.
அவளுக்குப் பிடித்த நிறம்.
கடையில் படுத்த அதே மாதிரி
குப்புறப் படுத்து
சோபாவுக்கு அடியில் கொக்கியை விட்டு இழுத்தாள்.
வந்தது ஒரு கலர் பென்சில்,
காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
நான் தேடாமல் விட்ட மின்கட்டணச் சீட்டு,
அவள் அம்மாவின் ஒற்றைத் தோடு.

காலை எட்டு மணிக்கு
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்தில்
வந்து இறங்கினாள் நளாயினி.
செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது.
கைப்பேசிக்காரியின் தங்கை
அவளோடு ஒரே லைனில் வேலையாம்.

"அடிச்சீங்களா?"
"இல்ல."
"பின்ன எப்படி அடங்குனா?"

கதவுப் பிடியில் மகள் மாட்டிவைத்த
ரோத்தானைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டுல ஒன்னு இருக்குன்னு சொன்னேன்."

நளாயினி பதில் சொல்லவில்லை.
மேசையிலிருந்த தோட்டை எடுத்து
காதில் வைத்துப் பார்த்தாள்.
திருகாணி இல்லை.