வீட்டுக்குப் போகவும்

மரப்பாலத்துக்கு மேலே மண் சரிந்த இரவு
மூன்று மணிநேரமாக அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தேன்.
வரிசையில் நின்ற கார் ஒன்றின் கண்ணாடி இறங்கியது.
"ஜேசிபி டிரைவர் எங்கேம்மா?"
டீ குடிக்கப் போயிருக்கார் என்றேன்,
லீவரிலிருந்து கையை எடுக்காமல்.
அவர் நம்பினார்.
காத்திருந்தார்.

அப்போதுதான் அந்த ஆட்டம் ஞாபகம் வந்தது.

பங்களாவைக் காலி செய்த துரை குடும்பம்
குப்பைக்குப் போட்டதெல்லாம் எங்கள் லைனுக்கு வந்து சேர்ந்தது.
ஒரு கால் போன ஸ்டூல்,
பூனைப் படம் போட்ட தட்டு,
துருவேறிய பிஸ்கட் டப்பாவுக்குள்
அவர்கள் சின்னப்பிள்ளையில் ஆடிய ஆட்டம்.
அட்டையின் நடுவில் சுண்டினால் சுழலும் முள்.
இரண்டு சீட்டுக்கட்டு:
பையன்களுக்கு நீலம், பெண்பிள்ளைகளுக்கு ரோஸ்.
எல்லாம் இங்கிலீஷ்.
எனக்குப் படம், அண்ணனுக்கு எழுத்து.
ஆறாம் வகுப்புத் திமிர் அவனுக்கு.

நீலத்தில் பைலட் இருந்தான், டாக்டர் இருந்தான்,
யானைமேல் உட்கார்ந்த ரேஞ்சர் இருந்தான்,
குழாய்க்குள் கண் வைத்து
நட்சத்திரம் பார்க்கிற ஒருத்தன் இருந்தான்.
ரோஸில் நர்ஸ். டீச்சர். டைப் அடிக்கிறவள்.
பைலட்டுக்குக் காப்பி கொண்டுபோகிறவள்.
அப்புறம் இன்னொரு நர்ஸ்,
தொப்பி மட்டும் வேறே.

ஒரு சீட்டில் வெள்ளைக் கவுனும் மோதிரமும்.
யோகராசா எழுத்துக்கூட்டிச் சொன்னான்:
"உனக்குக் கல்யாணம். ஆட்டம் முடிஞ்சுது.
வீட்டுக்குப் போகவும்."
நான் அழுதேன்.
வீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் எங்கே போவது?
பத்துக்குப் பத்து அறை.
அடுப்பு, அம்மா, ஈரக் கம்பளி
எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள்.

அம்மா சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தாள்.
"கொழுந்து பறிக்கிறவ எந்தக் கட்டுல இருக்கா?"
ரோஸில் தேடினோம். நீலத்திலும்.
தோட்டத்துரை ஒருத்தன் கைத்தடியோடு நின்றான்,
அவன் முதுகுக்குப் பின்னால்
பச்சைக்குள் நாலைந்து புள்ளி.
"இது நாந்தான் போல"
என்று ஒரு புள்ளிமேல் நகத்தை வைத்தாள்.
கறை படிந்த நகம். புள்ளி மறைந்துபோனது.

யோகராசாவுக்கு எப்போதும் டாக்டர்தான் விழும்.
சீட்டின் மூலையை மடித்து வைத்திருந்தான்,
எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.
இப்போது ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவன் நர்ஸ்.
வார்டுக்குள் போனால்
"டாக்டர் சார், வலி தாங்கல" என்று எழுந்து உட்காருகிறார்களாம்.
பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்கும் டாக்டர் நித்திலாவிடம்
"சிஸ்டர், கொஞ்சம் சுடுதண்ணி."
முதல் வருஷம் ஒவ்வொருத்தரையும் திருத்தினான்.
இப்போதெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் திருத்துவதில்லை.
அந்த அம்மாவே போய் சுடுதண்ணி கொண்டுவந்துவிடுகிறாராம்.

போன மாதம் பி.எஃப். காகிதம் தேடி
டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன்.
அடியில் ஒரே ஒரு ரோஸ் சீட்டு.
அதே வெள்ளைக் கவுன். வீட்டுக்குப் போகவும்.
திருப்பினால், பென்சிலில் இரண்டு வரிசை:

14   13
17   15
17   16
22   21
9     8

ஒன்பதுக்குப் பக்கத்தில் மூன்று சாய்ந்த கோடு.
"அது மழை" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.
"தராசு முள்ளு காட்டுனது ஒண்ணு,
ரைட்டர் சத்தமா சொன்னது ஒண்ணு.
ரெண்டையும் குறிச்சு வச்சேன்.
இந்த அட்டை நல்ல கெட்டி, நனைஞ்சாலும் ஊறாது."

கொடு என்று கை நீட்டினாள்.
கொடுக்குமுன் கூட்டிப் பார்த்தேன்.

ஆறு கிலோ இன்னும் வரவேண்டியிருக்கிறது.